நாண் இறக்கிய வில்

வளைந்து நிற்கும் வில்லையே நம் இலக்கியங்கள் பெரிதும் பாடியிருக்கின்றன. சேரர் தம் கொடியில் பொறித்தது வில். மிதிலையில் இராமன் ஒடித்ததும் பாஞ்சாலத்தில் அருச்சுனன் வளைத்ததும் வில். ஆனால் ஒரு வில்லின் வாழ்நாளில் அது அம்பு எய்யும் நேரம் மிகச் சிறிது. மூலையில் கிடக்கும் நேரமும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பயணப்படும் நேரமுமே பெரிது. வில் பழுதாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அம்பை இட்டுவைக்கும் உறைக்குத் தூணி, ஆவநாழிகை, அம்பறாத்தூணி என்று அடுக்கடுக்காகச் சொற்களை வைத்திருக்கிற நமக்கு, வில்லைப் பொதிந்துவைக்கும் உறைக்கு ஒரு சொல் சட்டென்று நாவில் வருவதில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

புதுச்சேரியின் வடமேற்கே, மயிலம் செல்லும் சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. இங்குள்ள தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சரக்குந்துகள் வருகின்றன, போகின்றன. ஊரின் பெயரில் 'சேதாரம்' ஒலிப்பது தற்செயலே. ஆயினும் சிப்பம் கட்டுவோருக்கும் அதைப் பிரிப்போருக்கும் எப்போதும் உள்ள அச்சம் அந்தச் சேதாரம்தான். இப்படியோர் ஊரில் வில்பழகும் பிள்ளை ஒருவர் வெளிமாநிலத்திலிருந்து ஆளுயர மூங்கில் வில் ஒன்றை வரவழைக்க வேண்டுமென்றால் இரண்டு கேள்விகள் எழும். முறியாமல் வருமா? வில்லின் விலையைவிடக் கூலி மிகாமல் இருக்குமா? இவை இன்றைய கேள்விகள் போலத் தோன்றினாலும் மிகப் பழையவை. அவற்றின் வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

படைக்கலத்தைப் பேணுவது பற்றி நம் மனத்தில் ஆழப் பதிந்த சித்திரம் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் உள்ளது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலைக் காண்கிறார். பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல்மனையில் வைக்கப்பட்டிருக்கின்றன அவன் படைக்கலங்கள். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிக்கும் அந்தப் பாட்டின் அழகில் மயங்கி, பேணிவைத்தலே வீரமற்றவன் வேலை என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆனால் பீலியையும் மாலையையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், காம்பைத் திருத்துவதும் நெய் பூசுவதும் காவலான இடத்தில் வைப்பதும் எந்தப் படைக்கலத்துக்கும் செய்ய வேண்டிய முறையான பராமரிப்பே. ஔவையார் எள்ளியது போர் அறியாத செருக்கை, பராமரிப்பை அன்று.

வில்லைக் கொண்டுசெல்லும் பெருங்காட்சி இராமாயணத்தில் வருகிறது. வான்மீகி சிவதனுசை எட்டுச் சக்கரங்கள் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்து, ஐயாயிரம் பேர் இழுத்துவரச் செய்கிறார். கம்பரோ பெட்டியை விட்டுவிடுகிறார். யானை போன்ற உடலினர் அறுபதினாயிரம் பேர் தண்டுகளில் தாங்கி அந்த வில்லைச் சுமந்து வருகிறார்கள். காவியச் சுவை நோக்கில் கம்பர் செய்தது பொருத்தமே. வில்லின் பெருமை மறைவின்றிக் கண்முன் வர வேண்டும். மிதிலை மாந்தர் அதைக் கண்டு வியக்க வேண்டும். ஆனால் சரக்கு அனுப்புவோர் நோக்கில் பார்த்தால் வான்மீகியின் பெட்டியே மேலானது. வில்லின் மீது நேரே எந்தக் கையும் படவில்லை. பாரத்தைச் சக்கரம் தாங்குகிறது. ஆட்கூலியும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது!

இவை இரண்டையும்விட நுட்பமானது பாரதத்தின் விராட பருவத்தில் வரும் காட்சி. அஞ்ஞாதவாசம் தொடங்குமுன் பாண்டவர்கள் மத்சிய நாட்டுத் தலைநகரின் புறத்தே, சுடுகாட்டை ஒட்டிய வன்னி மரத்தில் தம் படைக்கலங்களை ஒளிக்கிறார்கள். வியாச பாரதம் சொல்லும் வரிசையைக் கவனிப்போம். முதலில் ஒவ்வொருவரும் தத்தம் வில்லின் நாணை இறக்குகிறார்கள்; காண்டீவமும் இதற்கு விலக்கில்லை. பிறகு நகுலன் மரமேறி, மழை நேரே படாத இடமாகத் தேர்ந்து வைக்கிறான். உறுதியான கயிறுகளால் அசையாதபடி இறுகக் கட்டுகிறான். இறுதியாக ஒரு பிணத்தையும் மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அது நூற்றெண்பது வயதான தம் தாயின் உடல் என்றும், இப்படிக் கட்டுவது தம் குலவழக்கம் என்றும் வழியில் கண்ட ஆயர்களிடம் சொல்லிவைக்கிறார்கள். நாண் இறக்கு, ஈரம் தவிர், அசையாமல் கட்டு, பிறர் கை படாமல் எச்சரி என இன்றைய சரக்குக் கையேடு எதிலும் காணும் நான்கு விதிகளும் இங்கே வந்துவிடுகின்றன. 'உடையும் பொருள், கவனம்' என்று நாம் இன்று ஒட்டும் சிவப்புச் சீட்டைவிட அந்தப் பிணம் வலிய எச்சரிக்கை என்பதில் ஐயமில்லை. ஓராண்டு கழித்து உத்தரன் மரமேறிக் கட்டவிழ்த்தபோது விற்கள் ஒளி குன்றாமல் இருந்தன.

இந்த வட்டாரத்துக்கு இக்கதை அந்நியமன்று. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சேர்ந்தவர். புதுச்சேரி, விழுப்புரம் பகுதிகளின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும் கூத்து நடப்பதும் இன்றும் தொடர்கின்றன. மழை வேண்டி விராட பருவம் படிப்பது நம்மவர் வழக்கம். மழை நனைக்காத இடத்தில் வில்லை வைத்த பருவமே மழையை அழைக்கப் படிக்கப்படுவது சுவையான முரண்.

நாணை இறக்குவது ஏன் முதல் விதி? நாண் பூட்டிய வில்லில் ஒருபுறம் எப்போதும் இழுபட்டும் மறுபுறம் நசுங்கியும் இருக்கும். நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் மரமும் மூங்கிலும் அந்த வளைவையே தம் இயல்பாக்கிக்கொண்டு விசையை இழக்கும். பயணக் குலுக்கலில் நாண் நழுவினாலோ வில் முறுக்கிக்கொள்ளும். சில வேளை முறிந்தும் போகும். அடுத்த பகை ஈரம். மரம், கொம்பு, விலங்கு நரம்பு ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்த கூட்டுவிற்கள் வறண்ட நிலங்களுக்கு ஏற்றவை. நம் மழைக்காலத்தில் பசை இளகிவிடும். முகலாயர் கால இந்தியாவில் எஃகாலேயே வில் செய்ததற்கு இது முக்கியக் காரணம். எஃகு வில்லின் விசை சற்றுக் குறைவுதான். ஆயினும் படைக்கொட்டிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அது கெடாது. அவற்றுள் சில, நடுவே திருகி இரண்டாகப் பிரிக்கத்தக்கவை. நீளமான பொருளைக் குறுக்கிக் கொண்டுசெல்லும் எண்ணம் அன்றே இருந்தது.

கூலிக் கேள்விக்கு வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடிகள் உடைசில்லுகளாகக் கிடைத்தன. மது ஏற்றிய கப்பல் பிற சரக்கையும் சேர்த்துச் சுமப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்து இதைச் சட்டமாகவே ஆக்கியது. விற்கழிக்கான நல்ல யூ மரம் அங்குப் போதாமையால், 1472ஆம் ஆண்டுச் சட்டம், வந்துசேரும் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு விற்கழிகளைக் கொண்டுவர வேண்டுமென வணிகரைக் கட்டாயப்படுத்தியது. 1484இல் மூன்றாம் ரிச்சர்டு, மால்ம்சி மதுவின் ஒவ்வொரு பெரும்பீப்பாய்க்கும் பத்துக் கழிகள் என விதித்தான். வில்லுக்கெனத் தனிக் கப்பல் தேவைப்படவில்லை. செலவு மதுவின் தலையில் ஏறியது.

அப்படிச் சேர்த்த மரத்தில் ஆன விற்களை அவர்கள் எப்படிக் கட்டிவைத்தார்கள் என்பதற்குக் கடலே சான்று தந்தது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 137 முழு விற்களும் 3,500க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. பல விற்கள் நாண் பூட்டாமல் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. அம்புகளோ இருபத்துநான்கு துளைகள் கொண்ட தோல்வட்டில் ஒன்றோடொன்று உரசாமல் செருகப்பட்டிருந்தன. இறகு நசுங்கினால் அம்பு நேரே பறக்காது என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

இன்று நிலைமை வேறு. விமானவழிக் கூரியர்களில் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான கணக்கு. ஒரு கிலோ அளவே எடையுள்ள வில்லை 180 × 20 × 15 அட்டைப்பெட்டியில் இட்டால் அது 10.8 கிலோவாகக் கணக்கிடப்படும். அதே நேரான மூங்கில் வில்லை 11 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான பி.வி.சி. குழாயில் இட்டால் ஏறத்தாழ 4.4 கிலோதான். குழாய் வளையாது, மேலே பாரம் ஏறினாலும் எளிதில் நசுங்காது. மூன்று துண்டாகக் கழற்றத்தக்க வில்லானால் 70 × 20 × 12 பெட்டியே போதும், கணக்கு 3.4 கிலோவாகக் குறையும்.

கட்டும் முறை நகுலன் செய்ததேதான். நாணை இறக்கித் தனியே சுருட்ட வேண்டும். வில்லைத் துணியில் சுற்றி, இரு முனைகளுக்கும் ஸ்பாஞ்சு அண்டை கொடுத்து, குலுக்கினால் ஓசை எழாதபடி நிரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரைக்கு வரும் சிப்பத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு கூடவே இருக்க வேண்டும். அம்புகளை வேறு உறையில், முனைகளை மூடி வைக்க வேண்டும். வந்த வில்லுக்கு அன்றே நாண் பூட்டாமல், விரிசல் இருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்த பின்பே பூட்ட வேண்டும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் இந்தியன் ரவுண்டு எனும் பிரிவில் எளிய மூங்கில் வில்லோடுதான் பிள்ளைகள் பலர் போட்டிக்குள் நுழைகிறார்கள். விலையுயர்ந்த வில் வைத்திருப்பவருக்கு முறிவு ஒரு செலவு. ஒரே வில்லை வைத்திருக்கும் பிள்ளைக்கு அது அந்த ஆண்டுப் போட்டியே போய்விடுவது. தொண்டைமானின் கொட்டிலைப் பார்த்துச் சிரித்த நாம், அங்கே நெய் பூசிக்கொண்டிருந்த பேர் தெரியாத பணியாளனை ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. சிப்பம் பிரித்து முறியாத வில்லைக் கையில் எடுக்கும் பிள்ளை கடன்பட்டிருப்பது அத்தகைய ஒருவனுக்குத்தான்.