அரசன் கொடுத்ததும் அடுப்படி கொடுத்ததும்

பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் குன்றாண்டார்கோவிலும் ஆவூரும் ஒரே குளத்தூர் தாலுகாவுக்குள் அடங்கியவை. குன்றாண்டார்கோவிலில் பல்லவர் காலக் குடைவரையும், அதன் முன்னே குதிரைகள் பூட்டிய தேர்போல் அமைந்த மண்டபமும் இருக்கின்றன. கீரனூருக்கு மேற்கே ஆவூரில் பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குரு வெனான்சியுஸ் பூஷே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பணித்தளம் அமைத்தார். இப்போதுள்ள ஆலயம் 1747இல் எழுந்தது. எந்த வழிபாட்டிடத்தின் வரலாறும் அதைத் தாங்கியவர்களின் வரலாறுதான். குன்றாண்டார்கோவிலில் கொடையாளிகளைக் கல்வெட்டுகளே சொல்லிவிடுகின்றன. ஆவூரில் பணியாற்றிய குருக்களை அனுப்பியவர்களையும் ஆதரித்தவர்களையும் அறிய நாம் கடல் கடந்து போக வேண்டும். அப்படிப் போய்ப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது: மிஷன் பணிக்கு ஒரு பெரிய கையின் ஆதரவைவிட ஆயிரம் சிறிய கைகளின் ஆதரவே உறுதியானது.

மதுரை மிஷன் போர்ச்சுகல் அரசரின் ஆதரவில் நடந்தது. பதுரவாதோ என்ற அந்த ஏற்பாட்டின்படி, செலவை ஏற்கும் அரசருக்கு ஆயர்களை நியமிப்பதிலும் உரிமை இருந்தது. பிரான்சில் வேறொரு வகை ஆதரவும் வளர்ந்தது. பூஷே போன்றோர் தமிழகத்திலிருந்து எழுதிய கடிதங்கள், பாரிஸில் 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக வந்த மிஷனரி கடிதத் திரட்டில் இடம்பெற்றன. அவை வாசகர்களின் பரிவை வளர்த்தன. ஆனால் பணியின் கடிவாளம் அரசவையிடமே இருந்தது. 1759இல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையை வெளியேற்றியதும் மதுரை மிஷனுக்கு வர வேண்டிய ஆளும் பணமும் நின்றன. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் அந்தச் சபையையே கலைத்தார். எஞ்சிய முதிய குருக்களும், அவ்வப்போது வந்துபோன கோவா குருக்களும், ஊர்தோறும் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களுமே அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தப் பகுதியில் விசுவாசத்தைக் காத்தார்கள்.

கலைக்கப்பட்ட சபை மீண்டும் உயிர்பெற்று, 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வந்தபோது மிஷன்களைத் தாங்கும் முறை மாறியிருந்தது. லியோன் நகரில் பவுலின் ஜாரிகோ என்ற இளம்பெண் பட்டாலைத் தொழிலாளர்களிடம் வாரம் ஒரு 'சூ' காசு திரட்டத் தொடங்கியிருந்தார். பத்துப் பேருக்கு ஒரு தலைவர், பத்துக் குழுக்களுக்கு ஒருவர் என்று அது படிப்படியாக மேலேறியது. 1822இல் விசுவாசப் பரப்புதல் சங்கமாக உருப்பெற்றபின், ஒவ்வொரு பத்துப் பேருக்கும் மிஷன் செய்தி இதழின் ஒரு பிரதி கைமாறிக் கைமாறிப் போனது. கூலிக்காரர் கொடுத்த காசுக்குக் கணக்கும் கடிதமும் கிடைத்தன.

இதைப் போன்ற சிறுகாணிக்கை முறை தமிழ் மண்ணில் சீர்திருத்தச் சபைகளிடையே தனக்கென ஒரு வடிவம் கொண்டது. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற நெல்லை ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். அந்த உந்துதலில் 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் உறுதி. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போன நெல்லை ஊழியர்கள் தெலுங்கு கற்று வேலை செய்தார்கள். ஊரில் இருந்தவர்கள் அவர்களைத் தாங்கினார்கள். தென்தமிழகச் சபைகளில் வேரூன்றிய பழக்கம் பிடி அரிசி: உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைப்பது, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் கோழியும் வாழைத்தாரும் இதே வகைக் காணிக்கைதான். சம்பளம் என்று தனியாக ஒன்றைக் கையில் காணாத பெண்களும் இப்படித்தான் மிஷனைத் தாங்குபவர்கள் ஆனார்கள்.

சிறு காணிக்கையால் பெரிய பணி நடக்குமா என்று கேட்கலாம். தோர்ணக்கல் திருமண்டலம் வளர்ந்தபின் ஆங்கிலேயச் சங்கங்களின் உதவி தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் தொடக்கத்தை நெல்லை தாங்கியதால்தான் 1912இல் அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக உயர்ந்தபோது, தமிழர் தாங்கி வளர்த்த பணி ஒன்று அவருக்குப் பின்னே நின்றது. லியோன் காசும் வெளிநாட்டுக் காசுதானே, அதுவும் அதிகாரத்தைக் கொண்டுவராதா என்பது இன்னும் கனமான கேள்வி. வெளியிலிருந்து வந்த ஆதரவோடு அதிகாரப் போட்டியும் வந்தது: போர்ச்சுகலின் பதுரவாதோ உரிமையில் நின்ற கோவா குருக்களுக்கும் புதிதாக வந்த பிரெஞ்சுக் குருக்களுக்கும் இடையே மூண்ட உரிமைச் சண்டை பல பங்குகளைப் பிளந்தது. ஆகவே கைகள் பலவாக இருந்தால் மட்டும் போதாது, அவை பக்கத்தில் இருக்கவும் வேண்டும். ஏழைகள் மேல் சுமை ஏற்றலாமா என்போருக்கு என் பதில்: கட்டாயமாக்கினால் அது வரிதான், மனமுவந்து கொடுத்து, கணக்குக் கேட்கும் உரிமையும் இருந்தால் ஏழையும் பணியில் பங்காளி. அரசனின் ஒரே ஆணையில் மதுரை மிஷனின் வரவு நின்றது. பிடி அரிசியை அப்படி நிறுத்த வேண்டுமென்றால் வீடுவீடாகப் போய் ஒவ்வொரு கலயத்தையும் கவிழ்க்க வேண்டும்.

(தொடரும்)