4,294,967,297 (ஐந்தாம் ஃபெர்மா எண்)

2³² + 1 என்பதன் மதிப்பு. எழுத்தில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கணித வரலாற்றில் இதற்கு இடம் கிடைத்தது ஒரு மேதையின் ஊகத்தைப் பொய்யாக்கியதால்.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். துலூஸ் நகரில் சட்டப் பணியிலிருந்த பியேர் டி ஃபெர்மா, இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640-இல் கடிதம் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வரிசையில் அடுத்து வருவதே இந்த எண்; 0-இலிருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் இது ஐந்தாவது.

1729-இல் கணிதர் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதைக் கிளப்ப, புனித பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த இளைஞர் ஆய்லரின் கவனம் திரும்பியது. 1732-இல் அவர் விடை சொன்னார்: 641 × 6,700,417. ஊகம் விழுந்தது.

641 குருட்டு அதிர்ஷ்டத்தில் அகப்படும் எண் அன்று. இதன் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641; ஐந்தாவது முயற்சியில் காரணி சிக்கிவிடும். 1878-இல் கணிதர் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கினார். அதன்பின் சோதிக்க வேண்டியவை 257-உம் 641-உம் மட்டுமே.

வகுத்தே பார்க்காமலும் காட்டலாம். 641 = 5×2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷ என்பது −1-க்குச் சமம். அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸ என்பது 1-க்குச் சமம். ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-இன் இடத்தில் −2⁴ வைக்கலாம். −2³² என்பது 1 ஆகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இதைவிடச் சிக்கனமான நிரூபணம் அரிது.

ஃபெர்மாவின் கையிலேயே ஆயுதம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அவருடைய சிறிய தேற்றத்தை (p பகா எண் என்றால், p-ஆல் வகுபடாத எந்த எண்ணின் p−1 அடுக்கும் p-ஆல் வகுக்க மீதி 1 தரும்) 3-ஐ அடியாக வைத்து ஓட்டியிருந்தால், 32 முறை வர்க்கப்படுத்தியதும் குட்டு உடைந்திருக்கும். 2-ஐ அடியாக வைத்தால் பயனில்லை. எல்லா ஃபெர்மா எண்களும் அதில் தேறிவிடும்.

இது பகு எண் என்பதற்கு இன்னொரு சான்று: இரு வர்க்கங்களின் கூட்டலாக இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று 65,536² + 1², மற்றது 62,264² + 20,449². ஒற்றைப்படைப் பகா எண் எதற்கும் இரண்டாவது வழி கிடையாது.

1801-இல் காஸ் வெளியிட்ட நூல் ஃபெர்மா எண்களை வடிவியலோடு இணைத்தது. பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்கும்போதுதான் ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும். 4,294,967,297 பக்கங்களுக்கு அது முடியாது. இதைவிட இரண்டு குறைந்த 4,294,967,295 பக்கங்களுக்கோ முடியும், ஏனெனில் அது மேற்சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். வரையத்தக்கதாக இன்று அறியப்பட்ட பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கையில் மிகப் பெரியதும் அதுவே.

ஆய்லருக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. 5 முதல் 32 வரையிலான ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று உறுதியாகியுள்ளது. 33-ஆவதன் நிலை இன்னும் முடிவாகவில்லை.