கூடிச் சென்ற திருயாத்திரைகள்: வெனிஸ் முதல் எருசலேம் வரை

நம் பங்கிலிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குப் புறப்படும் யாத்திரைப் பேருந்துக்குப் பெயர் பதியத் தொடங்கியதும் ஒரு வழக்கும் தொடங்கிவிடும். வயது முதிர்ந்தவர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா? "பாட்டிமாரை ஏற்றி இறக்கவே பாதி நாள் போய்விடுகிறது" என்று இளைஞர் குறைப்படுவர். "எங்களை விட்டுவிட்டு மாதாவிடம் என்ன சொல்வீர்கள்?" என்று பாட்டிமார் திருப்பிக் கேட்பர். ஜூபிலி மலருக்கு யாத்திரைகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நமக்கு முதலில் நினைவு வந்தது இந்த வழக்குத்தான். நம் யாத்திரைகளின் கதையைப் போய்வந்தவர்களே நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆகவே, பலரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவர் பொறுப்பில், ஒரே கட்டணம் செலுத்திப் பயணம் போகும் வழக்கத்தின் பழைய வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இதைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் குக் என்று பலரும் சொல்வதுண்டு. 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக ஏறத்தாழ 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு அவர் இரயிலில் அழைத்துச் சென்றார். 1869-இல் அவருடைய கூட்டம் புண்ணிய பூமிக்கே போயிற்று. அவர் தொடங்கிய நிறுவனம் 178 ஆண்டுகள் நடந்து, 2019 செப்டம்பரில் கடனால் மூடப்பட்டது. அப்போது வெளிநாடுகளில் இருந்த சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு அரசே ஏற்பாடு செய்து வீடு சேர்க்க வேண்டியதாயிற்று. முன்பணம் கட்டிவிட்டு ஒருவரை நம்பிப் புறப்படுகிறவர்களுக்கு இந்தப் பயம் என்றும் உண்டு. ஆனால் குக் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பயத்துக்கு ஒரு வழி கண்டவர்கள் வெனிஸ் நகரத்தார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் எருசலேம் எகிப்தின் மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. அங்கே போக விரும்பிய ஐரோப்பியர் பெரும்பாலும் வெனிஸுக்கு வந்து கப்பல் ஏறினார்கள். அர்ச். மாற்கு ஆலயத்தின் முன் சதுக்கத்தில், வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை பொறித்த கொடி நாட்டியிருக்கும். அதன் அடியில் கப்பல் தலைவரின் ஆட்கள் நின்று யாத்ரீகரை அழைப்பார்கள். 1483-இல் இரண்டு கப்பல்கள் போட்டியிட்டன. இரு தரப்பாரும் யாத்ரீகர்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போய் இனிப்பும் கிரேத்தா தீவின் மதுவும் கொடுத்து, மற்றவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொன்னார்களாம். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் கேட்காததா!

இதையெல்லாம் எழுதி வைத்தவர் பெலிக்ஸ் ஃபாப்ரி என்னும் குருவானவர். ஜெர்மனியின் உல்ம் நகரில் புனித சாமிநாதர் சபை மடத்தில் இருந்தவர். 1480-இலும் 1483-இலும் இரு முறை புண்ணிய பூமிக்குப் போனவர். இரண்டாம் முறை அவருடைய குழுவினர் கப்பல் தலைவரோடு எழுதிக்கொண்ட உடன்படிக்கையை அவர் அப்படியே விவரித்திருக்கிறார். கட்டணம் தலைக்கு 40 தூக்காத்துப் பொன். பாதி வெனிஸில், மீதி யோப்பா துறைமுகத்தில். நாளுக்கு இரு வேளை உணவு. கோழிக் கூண்டு வைக்க இடம். யோப்பாவிலிருந்து எருசலேமுக்குக் கழுதை வாடகை, சுங்கம், வழிவரி எல்லாம் தலைவர் பொறுப்பு. யோர்தான் ஆற்றுக்கும் அவர் கூட்டிப்போக வேண்டும். யாத்ரீகர் வழியில் இறந்தால் அவருடைய உடைமைகளில் தலைவர் கை வைக்கக்கூடாது. புண்ணிய பூமியை அடையுமுன் இறந்தால் பாதிப் பணம் திருப்பித் தர வேண்டும். சொன்னபடி நடக்காத தலைவர்மீது முறையிட வெனிஸில் அரசு அதிகாரிகளும் இருந்தார்கள்.

கூட்டமாகப் போனதன் பலன் இங்கேதான். அந்நிய நாட்டுத் துறைமுகத்தில் மொழி தெரியாமல் தனியே இறங்கும் ஏழை, சுங்கக்காரனிடமும் கழுதைக்காரனிடமும் என்ன பேரம் பேச முடியும்? கூட்டத்துக்கோ ஆண்டுதோறும் வந்து பழகிய கப்பல் தலைவர் இருந்தார். கரையில் எதிர்கொள்ளப் பிரான்சிஸ்கு சபைத் துறவியர் இருந்தார்கள். ராமலா ஊரில் அத்துறவியரின் அதிபர் யாத்ரீகரைக் கூட்டி ஒழுங்குகளை வாசிப்பார்: சுவர்களில் பெயர் கீறாதீர்கள், திருக்கல்லறையில் கல் பெயர்க்காதீர்கள், முகமதியரின் கல்லறைகளைத் தாண்டி நடக்காதீர்கள். நம் திருத்தலங்களின் சுவர்களைப் பார்க்கும்போது, முதல் ஒழுங்கை இன்னும் ஒருமுறை வாசித்தால் தேவலை.

வில்லியம் வே என்ற ஆங்கிலேயக் குருவானவர் 1458-இலும் 1462-இலும் போய்வந்து சொன்ன புத்திமதிகளும் சுவையானவை. அர்ச். மாற்கு ஆலயத்தருகே மெத்தை தலையணையை மூன்று தூக்காத்துக்கு வாங்கு. திரும்பி வந்ததும் அதே கடைக்காரன் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வான். கப்பலில் மேல்தட்டில் இடம் பிடி, கீழே வெக்கையும் நாற்றமும். யோப்பாவில் முந்திப்போய் நல்ல கழுதையாகப் பிடித்துக்கொள். நல்லதற்கும் மோசமானதற்கும் வாடகை ஒன்றே.

கூட்டத்தால் வரும் தொல்லையையும் மறைக்க வேண்டாம். கப்பலுக்குள் ஆளுக்கு ஆள் ஒட்டிப் படுக்கை. இரவில் சிலர் விளக்கேற்றிப் பேசிக்கொண்டிருக்க, தூக்கம் கெட்டவர்கள் மூத்திரச் சட்டியை வீசி விளக்கை அணைத்ததை ஃபாப்ரி சுவாமி கண்டிருக்கிறார். 1480-இல் அவருக்குப் புண்ணிய பூமியில் கிடைத்தவை ஒன்பதே நாட்கள். இரவும் பகலும் ஓடியோடிப் பார்த்து, எதையும் மனதில் நிறுத்த முடியாமல் திரும்பினார். அந்தக் குறை தீரவே மறுபடியும் போனார்.

அதைவிடப் பெரிய தொல்லை, கூட்டமே ஒருவரை ஒதுக்கிவிடுவது. மார்ஜரி கெம்ப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1413-இல் யாத்திரை புறப்பட்டார். ஆண்டவரின் பாடுகளை நினைத்து வழியெல்லாம் சத்தமிட்டு அழுவார். உணவு வேளையிலும் வேதத்தையே பேசுவார். உடன் வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. பரிகாசத்துக்காக அவருடைய உடையைக் குட்டையாக வெட்டினார்கள். வழியில் விட்டுவிட்டும் போனார்கள். ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருந்த மலையில் ஏற உதவி கேட்டபோது அவர்கள் கை கொடுக்கவில்லை. கைதூக்கி மேலே ஏற்றியவர் அவ்வழியே வந்த ஒரு முகமதியர். அவருக்கு மார்ஜரி ஒரு சிறு வெள்ளிக்காசு கொடுத்தார்.

இனி நம் பாட்டிமாரின் வழக்குக்கு வருவோம். 1480-இல் ஃபாப்ரி சுவாமியின் கப்பலில் ஏற ஆறு கிழவிகள் வந்து நின்றார்கள். வசதி படைத்தவர்கள்தான், ஆனால் தங்கள் உடலையே சுமக்க முடியாத முதுமை. இவர்களோடு ஒரே கப்பலில் போவது தங்களுக்கு இழிவு என்று சில பிரபுக்கள் கோபித்தார்கள்; ஏற்றக்கூடாது என்று தடுத்தும் பார்த்தார்கள். கிழவிகள் அசையவில்லை. ஏறினார்கள், எருசலேமையும் கண்டார்கள்.

திரும்பும்போது காற்று இல்லை, உணவும் நல்ல தண்ணீரும் குறைந்தன, நோய் பரவிற்று. வாள் தரித்த பிரபுக்கள் படுக்கையில் விழுந்தார்கள். அப்போது கப்பலில் திடமாக நடமாடியவர்கள் அந்த ஆறு கிழவிகள். படுத்திருந்த ஒவ்வொருவரிடமும் போய்ப் பணிவிடை செய்தவர்களும் அவர்களே. வெனிஸில் அவர்களைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

இவ்வாண்டு நம் பேருந்துப் பட்டியலில் எழுபது கடந்தவர்கள் ஏழு பேர். படிக்கட்டுக்கு அருகிலுள்ள முன்வரிசை இருக்கைகள் அவர்களுக்கென்று எழுதியாயிற்று. மீதி இடங்களுக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியாரைப் பார்க்கலாம்.