முகமும் பெயரும்: எல்லையோரத்துக் குடும்பப் படங்கள்

தொலைந்துபோன குடும்பப் படத்தை உரியவரிடம் சேர்ப்பதில் இரண்டு வேலை இருக்கிறது: படத்தில் இருப்பவர் யாரென்று கண்டுபிடிப்பது, பிறகு அவர் வழிவந்தவர்கள் இன்று எங்கே என்று தேடுவது. கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இரு பகுதிகளில் இந்த வேலை வெவ்வேறு இடத்தில் தடைபடுகிறது. பாலக்காட்டு அக்ரகாரங்களில் முன்னோர் பெயர் தெரியும், முகம் தெரியாது. இடுக்கி மலையின் தேயிலைத் தோட்டங்களில் முகம் படத்தில் இருக்கிறது, பெயர் இல்லை.

கல்பாத்தி, நூரணி, சாத்தபுரம் போன்ற கிராமங்களிலிருந்து பலர் உத்தியோகம் தேடி சென்னை, பம்பாய், கல்கத்தா என்று போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் வீட்டை விற்கும்போது பாத்திரமும் ஊஞ்சலும் பங்காகும். சுவரில் மாட்டிய படங்களை யாரும் கேட்பதில்லை. தேக்குச் சட்டத்துக்காக வியாபாரி எடுத்துக்கொள்வார். மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்கோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கோ போய்ச் சேர்வதற்குள் எந்த வீட்டுப் படம் என்ற விவரம் போய்விடும்.

அப்படிக் கிடைத்த படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஒட்டிய அட்டையில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கலாம். பின்புறம் பென்சிலில் ஒரு தேதி இருக்கலாம். ஏமாறுவது இந்தத் தேதியில்தான். மலையாள நாட்டில் கொல்லம் ஆண்டு வழக்கு. அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ‘99’ என்று மட்டும் இருந்தால் அது 1899 என்று முடிவு கட்டிவிடக் கூடாது, கொல்லம் 1099 ஆகவும் இருக்கலாம். 1924 ஜூலையில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்துக்கு இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்றே பெயர்.

தேதி இல்லாவிட்டாலும் சஷ்டியப்தபூர்த்திப் படம் கைகொடுக்கும். நடுவில் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதி, பின்னால் பிள்ளைகளும் மருமக்களும், தரையில் பேரக் குழந்தைகள். பெரியவருக்கு அறுபது நிறைந்து, அவர் பிறந்த தமிழ் வருஷமே திரும்பி வந்திருக்கிறது. பழைய அட்டையின் ஓரத்தில் ‘பிரபவ’ என்ற ஒரு சொல் இருந்தால் படம் 1927-28, பெரியவர் பிறந்தது 1867-68 என்று சொல்லிவிடலாம்.

பெயரை மட்டும் நம்பினால் குழப்பம். மூத்த பிள்ளைக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் என்பதால் ஒரே குடும்பத்தில் தலைமுறை விட்டுத் தலைமுறை விஸ்வநாதனும் ராமநாதனும் மாறிமாறி வருவார்கள். படத்தின் பின்னாலோ ‘அம்பி’, ‘குஞ்சு’, ‘அம்மாளு’ என்று வீட்டில் கூப்பிடும் பெயர்தான் இருக்கும். இங்கே தர்ப்பணம் உதவுகிறது. தந்தைவழியிலும் தாய்வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை கோத்திரத்தோடு அமாவாசைதோறும் சொல்வதால், அவற்றை டைரியில் குறித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. எந்த அலுவலகமும் தர முடியாத வம்சாவளி அது. ஆனால் படத்தின் ஓரத்தில் முக்காடிட்டு நிற்கும் விதவை அத்தைப்பாட்டி அந்த மூன்று தலைமுறை வரிசையில் வருவதில்லை. அடையாளம் தெரியாமல் போகிறவர்களில் இத்தகைய விதவைகளே முதலில் நிற்கிறார்கள்.

அதற்கு மேல் அரசு ஆவணங்கள்தான். அவையும் ஒரே இடத்தில் இல்லை. 1956 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. ஆகவே தேடுகிறவர் கோழிக்கோடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் ஆவணக்காப்பகங்களோடு சென்னை எழும்பூரில் உள்ளதற்கும் போக வேண்டிவரும்.

இடுக்கி மலையின் மூணாறில் கதை வேறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார்; 1897-இல் தோட்டக் கம்பெனி உருவானது. தோட்டம், தொழிற்சாலை, 1924 வெள்ளம் அடித்துப்போன குண்டளை ரயில் எல்லாம் படங்களாக எஞ்சின. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பார்க்கலாம். அவற்றில் உள்ள துரைமாரின் பேரப்பிள்ளைகளைத் தேடுவது அவ்வளவு கடினமல்ல. இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தெற்காசியக் கல்லறைகளைப் பதிவு செய்யும் சங்கம் 1976-இலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கம் 1998-இலும் பிரிட்டனில் தொடங்கின.

அதே மலையில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு ஏடும் இல்லை. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த குடும்பங்கள் அவை. கூலிப் பதிவேட்டில் வேலை செய்த நாளுக்கு இடம் உண்டு, பாட்டன் பெயருக்கு இல்லை. இவர்களின் வேரைத் தேட நல்ல வழி குலதெய்வக் கோவில். பங்குனி உத்திரத்துக்கோ கொடைக்கோ பங்காளிகள் கூடும் சாஸ்தா கோவிலில், எந்த வீட்டுக்காரர் எப்போது மலையேறினார் என்று சொல்ல ஒரு கிழவராவது இருப்பார். ஊர் ஸ்டூடியோக்களும் ஒரு வழி. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2010-களில் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு மின்பதிவு செய்திருக்கிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி தரும் லயத்து வீடு வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்றதும் பலர் காலி செய்து தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். கயத்தாறுப் பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்கள் அவர்களில் பல. வீடுகளோடு அவற்றில் இருந்த படங்களும் மண்ணில் போயின.

ஆகவே தோட்டப் படங்களை மூணாறில் மட்டும் மாட்டி வைத்திருப்பது போதாது. 1950, 60-களின் படங்களில் உள்ள முகங்களை அறிந்தவர்கள் எண்பதை நெருங்கிக்கொண்டு கயத்தாறிலும் போடியிலும் இருக்கிறார்கள். பிரதிகளை அங்கே எடுத்துப்போய், இடமிருந்து வலமாகப் பெயரும் ஊரும் கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுத வேண்டும். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.