தெருவும் மலையும்: கண்ணாடித் தகடு சுமந்த இருவர்

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து ஐந்து பேர் பனி கிடந்த ஒரு செங்குத்து ஓடை வழியாக மேலே ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஆன்சல் ஆடம்ஸ். வயது 25. அவர் முதுகில் ஏறத்தாழ 18 கிலோ: மரப்பெட்டிக் கேமரா, லென்சுகள், வண்ண வடிகட்டிகள், படம் பதியும் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று யூஜீன் அட்ஜே பாரிசில் காலமானார். வயது 70. அவரும் கிட்டத்தட்ட அதே எடையைத்தான் முப்பது ஆண்டுகள் தோளில் தூக்கிக்கொண்டு பாரிஸ் தெருக்களில் நடந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

நடந்துபோய்ப் படம் எடுப்பது என்ற ஒரே வேலையை இந்த இருவரும் இரண்டு வேறு வேலைகளாகச் செய்தார்கள். ஒருவர் தன் ஊரின் தெருக்களில் நாள்தோறும் நடந்தவர். மற்றவர் ஊரைவிட்டு ஏறிப் போனவர். எதைப் பார்ப்பது, எப்போது எடுப்பது, எத்தனை எடுப்பது, எடுத்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் கண்ணுக்கு முன்பாகக் கால் தீர்மானித்துவிடுகிறது என்பது இவர்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது. நடைக்கும் மலையேற்றத்துக்கும் கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற நமக்கு இது நேரடியாக உதவக்கூடிய செய்தி.

அட்ஜே படக்கலைஞராகும் கனவோடு வளர்ந்தவர் அல்ல. சிறுவயதில் பெற்றோரை இழந்து, கப்பல் வேலைக்குப் போய், பிறகு ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களில் சிறு வேடங்கள் போட்டு, தொண்டை கெட்டதால் அதையும் விட்டவர். படம் எடுப்பதை அவர் பிழைப்பாகத்தான் தொடங்கினார். ஓவியர்களுக்கு மாதிரிப் படங்கள், இரும்பு வேலைக்காரர்களுக்குக் கதவு தட்டும் வளையங்களின் படங்கள், அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் பழைய வீடுகளின் படங்கள் என்று விற்றார். 1897இல் பாரிஸ் நகராட்சி பழைய பாரிசைப் பதிவுசெய்யவும் காக்கவும் ஒரு குழுவை அமைத்தது. இடித்துக் கட்டுவதில் நகரம் எவ்வளவோ இழந்துவிட்டது என்ற கவலை அப்போது பரவலாக இருந்தது. அட்ஜே பழைய பாரிசைத் தன் பொருளாக எடுத்துக்கொண்டதும் அந்த ஆண்டுகளில்தான்.

அவர் எடுத்தவற்றின் தலைப்புகளைப் பார்த்தாலே ஒரு நடைக்காரனின் கண் தெரியும்: மாடிப்படிகள், கடைப் பலகைகள், மதுக்கடை வாசல்கள், குதிரை வண்டிகள், நகர எல்லையில் குடிசை போட்டு வாழ்ந்த குப்பை பொறுக்குவோர், முற்றத்துக் கிணறுகள், நடைபாதையில் கூடை வைத்து விற்பவர்கள். பெரும்பாலும் காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவார். ஈஃபல் கோபுரம் போன்ற பெரும் அடையாளங்களில் அவருக்கு அக்கறை இல்லை. மற்றவர்கள் ஏற்கெனவே பார்த்து முடித்தவை அவை.

1912இல் ஸ்ட்ராஸ்பூர் பெருஞ்சாலையில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இடுப்பை இறுக்கும் கார்செட் கச்சைகள் விற்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் தலையும் கையும் இல்லாத பொம்மை உடல்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கச்சையை அணிந்தபடி. எல்லாம் கூர்மையாக, அசையாமல், விளம்பரத்துக்கு எடுத்த மாதிரி இருக்கின்றன. வாசலில் தொங்கும் ஒன்று மட்டும் காற்றில் ஆடியிருக்கிறது. அதன் கீழ்ப்பகுதி கலங்கிப் புகைபோல் படிந்திருக்கிறது. தகட்டுக்கு நீண்ட நேரம் ஒளி கொடுக்கவேண்டிய காலம் அது. அன்று அந்தத் தெருவில் காற்று வீசியது என்ற செய்தி நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படத்தில் இருக்கிறது. வேறு யாராவது எடுத்திருந்தால் அந்தத் தகட்டைக் கழித்துவிட்டு இன்னொன்று எடுத்திருக்கக்கூடும். அட்ஜே எண் போட்டு அடுக்கில் வைத்தார்.

அந்த எண் முக்கியம். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் கீறி எண் எழுதினார், வரிசை வரிசையாகப் பிரித்தார், தெருப்பெயரைக் குறித்தார். 1925இல் பாரிசுக்குத் தெற்கே, பராமரிப்பின்றிக் காடு மண்டிக் கிடந்த சோ பூங்காவுக்கு மார்ச் முதல் ஜூன் வரை திரும்பத் திரும்பப் போனார். அங்கே எடுத்தவை 66 படங்கள். பலவற்றின் தலைப்பில் மாதமும் மணியும் இருக்கின்றன: மார்ச், காலை ஏழு மணி, எட்டு மணி என்று. பூங்காவை மாவட்ட நிர்வாகம் வாங்கியிருந்தது, சீரமைப்பு வரப்போகிறது. இலையில்லாத மரங்கள் துளிர்ப்பதையும், குளத்தின் மீது வெயில் இடம் மாறுவதையும், பாசி படிந்த சிலைகளையும் 68 வயது மனிதர் ஒருவர் பெட்டியைச் சுமந்து போய் வரிசையாகப் பதிந்துகொண்டிருந்தார். என் கணக்கில் அட்ஜேயின் ஆகச் சிறந்த வேலை இதுதான். இதில் எந்த ஒரு படத்தையும் தனியே உருவி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் பாதி போய்விடும். அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் பூங்கா மூச்சுவிடுகிறது.

இப்போது மலைக்கு வருவோம்.

ஆடம்ஸ் தொடங்கியதும் சாதாரணமாகத்தான். 1916இல் பதினான்கு வயதில் குடும்பத்தோடு யோசெமிட்டிக்குப் போனபோது அப்பாவும் அம்மாவும் ஒரு கோடாக் பிரௌனி பெட்டிக் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் எடுத்தவை, ஊர் சுற்றப் போன எந்தப் பையனும் எடுக்கும் படங்கள். அதன்பின் அவர் அங்கே போகாத ஆண்டே இல்லை. மலையேறிகளின் அமைப்பான சியரா கிளப்பில் 1919இல் சேர்ந்தார். கோடைகளில் பள்ளத்தாக்கில் அந்த அமைப்பின் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்தார். ஆக, 1927 ஏப்ரலில் ஏறும்போது அவர் புதிய ஆள் அல்ல.

போன இடம் ‘டைவிங் போர்டு’ என்று அழைக்கப்படும் பாறை விளிம்பு. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே. எதிரே ஹாஃப் டோம் என்ற பெரும் பாறையின் செங்குத்து முகம். வழியிலேயே தகடுகள் ஒவ்வொன்றாகச் செலவாகி, விளிம்பை அடைந்தபோது இரண்டுதான் மிச்சம். நண்பகலில் பாறை முகம் இன்னும் நிழலில் இருந்தது. வெயில் அதன்மேல் திரும்பும்வரை காத்திருந்தார். முதல் தகட்டை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். எடுத்த கணமே அவருக்குத் தெரிந்தது: பாறை அப்படியே பதிந்திருக்கும், ஆனால் தன்மேல் கவிந்த கனம் அதில் இருக்காது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியை மாட்டி, ஐந்து நொடி ஒளி கொடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீலத்தைத் தடுத்தது, வானம் கறுத்தது, பாறையின் விளிம்பு அந்தக் கறுப்பை வெட்டிக்கொண்டு நின்றது. கீழே பனி, ஓரத்தில் சின்னச் சின்ன மரங்கள். படம் எப்படி வரவேண்டும் என்பதை எடுக்கும் முன்பே மனத்தில் முழுதாகப் பார்த்துவிடுவது என்று அவர் வாழ்நாள் முழுக்கக் கற்பித்த முறைக்கு இந்த ஐந்து நொடியைத்தான் தொடக்கமாகச் சொல்வார்.

இரண்டு பேரின் வானத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்ஜேயின் வானம் வெளுத்துப்போன வெறும் தாள். அவர் தகடுகள் நீல ஒளியை அள்ளிக் குடிப்பவை. மேகம் எதுவும் நிற்காது. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. கண் தானாகக் கீழே, கல் பாவிய தரைக்கும் கதவு நிலைக்கும் இறங்கிவிடுகிறது. உயரமான கட்டடத்தை அடக்க லென்சை மேலே உயர்த்தியதால் பல படங்களின் மேல் மூலைகள் வட்டமாக இருண்டிருக்கும். அதையும் அப்படியே விட்டார். ஆடம்சின் வானமோ அவரே தீர்மானித்தது. ஏறி வந்த உடலின் உணர்ச்சி அந்தக் கறுப்பில் இருக்கிறது. ஆடம்ஸ் உண்மையை மாற்றிவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. காலை முழுக்கப் பனியில் ஏறியவன் நிமிர்ந்து பார்க்கும் பாறை, காரில் வந்து இறங்கியவன் பார்க்கும் பாறை அல்ல. அதைக் காட்ட அவருக்கு அந்த வடிகட்டி வேண்டியிருந்தது.

எண்ணிக்கையிலும் நடை வேறுபாடு தெரிகிறது. மலையில் பன்னிரண்டு தகடு, கடைசியில் ஒன்று, அந்த ஒன்றில் எல்லாம். மறுபடி ஏறினாலும் அந்த வெயிலும் அந்தப் பனியும் அமையாது. தெருவில் அப்படி இல்லை, நாளைக்கும் வரலாம். அந்த வசதிதான் அட்ஜேயை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்குக் கொண்டுபோனது. ஆனால் அந்த வசதி ஏமாற்றும். நாளைக்கும் தெரு இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அட்ஜே ஒருவர் நினைக்கவில்லை. அவர் எடுத்த வீடுகள் பலவும் பிறகு இடிந்தன. எடுத்ததால் எதுவும் நின்றுவிடவும் இல்லை. 1920இல் 2,621 தகடுகளைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். காப்பாற்ற முடிந்தது தகடுகளைத்தான், தெருக்களை அல்ல.

ஆடம்சுக்கு வேறு விதமான பலன் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் சியரா மலைகளில் செல்லும் ஜான் மியூர் நடைபாதை பற்றிய அவருடைய பெரிய படநூல் 1938இல் 500 பிரதிகள் அச்சாயிற்று. அந்த மலைகளுக்கு வழிகாட்டி நூல் எழுதிக்கொண்டிருந்தபோதே 1933இல் மலையில் தவறி இறந்த ஓர் இளைஞரின் நினைவாக, அவருடைய தந்தை அதை வெளியிடச் செய்தார். ஒரு பிரதி உள்துறைச் செயலர் ஹரால்ட் இக்கிஸ் வழியாகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கைக்குப் போனது. அதே மலைகளில் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா 1940இல் அமைந்ததற்கு அந்த நூலும் ஒரு காரணம். படம் எடுத்ததால் ஒரு மலைப்பகுதி பிழைத்தது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: அத்தகைய படங்கள் வளர்த்த ஆசையில் யோசெமிட்டிக்கு இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேர் போகிறார்கள். எல்லோரும் அதே முனைகளில் நின்று அதே படத்தை எடுக்கிறார்கள்.

நம் செல்பேசிகளிலும் அதுதான் நடக்கிறது. வெள்ளியங்கிரி ஏறியவரிடமும் கொழுக்குமலையில் விடியலைப் பார்த்தவரிடமும் அந்த ஒரு நாளின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவர் தினமும் பால் வாங்க நடக்கும் தெருவின் படம் ஒன்றுகூட இருக்காது. முறையை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். மலைக்கு ஆடம்சின் முறை பொருந்தும்: குறைவாக எடுப்பது, காத்திருப்பது, எதைச் சொல்லப்போகிறோம் என்று தெரிந்து எடுப்பது. தெருவுக்கு அட்ஜேயின் முறை: எடுத்துக்கொண்டே இருப்பது, திரும்பப் போவது, இடமும் நேரமும் எழுதி வைப்பது. மூலைத் தையற்கடையின் பலகை, ஓட்டு வீட்டுத் திண்ணை, தெருக்குழாய், சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிக் கிழிந்த சுவரொட்டிகள் ஆகியவை ஒரே படத்தில் அழகாக வரவேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் சேரும்போது அவற்றுக்கு மதிப்பு வந்துவிடும். செல்பேசி நாளையும் மணியையும் தானே குறித்துக்கொள்கிறது. அது யாருடைய திண்ணை என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

இரண்டில் எது பெரிது என்று கேட்டால், தினமும் நடப்பவருக்கு நான் அட்ஜேயைத்தான் சொல்வேன். ஆடம்சின் ஒரு படத்தைப் பார்த்து வியக்கலாம். பின்பற்ற, அந்தப் பாறையும் அந்தக் கால்களும் வேண்டும். அட்ஜேயைப் பின்பற்ற ஒரு தெரு போதும். ஆனால் இந்தப் பிரிவினை முழுக்கச் சரியும் அல்ல. ஆடம்ஸ் யோசெமிட்டியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து, ஒரே முனையில் புயலுக்காகவும் மேகத்துக்காகவும் திரும்பத் திரும்ப நின்றவர். ஹாஃப் டோம் தகட்டைப் பல பத்தாண்டுகளுக்குப் புதிது புதிதாக அச்சிட்டவர்.

இருவரையும் இணைக்கும் கண்ணி ஒன்றும் இருக்கிறது. அட்ஜே இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அவரையே படம் எடுத்த இளம் அமெரிக்கர் பெரனிஸ் ஆபட், 1928இல் அவர் வீட்டில் மிஞ்சிய ஆயிரக்கணக்கான படங்களையும் தகடுகளையும் மொத்தமாக வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நல்லதாக நாலைப் பொறுக்கியிருந்தால் அட்ஜே இன்று நமக்கு இல்லை. நாற்பது ஆண்டு காத்து, 1968இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஆபட்டின் முயற்சியால் படங்கள் பரவிய காலத்தில், 1931இல், சான்ஃபிரான்சிஸ்கோ இதழ் ஒன்றில் ஆடம்ஸ் அட்ஜேயைப் பாராட்டி எழுதினார். மறு ஆண்டு எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கனிங்ஹாம் முதலியவர்களோடு சேர்ந்து, பூச்சும் மங்கலும் இல்லாத கூர்மையான படங்களுக்காக ‘எஃப்/64’ என்ற குழுவைத் தொடங்கினார்.

ஆடம்ஸ் இப்படிக் கூர்மையான படங்களுக்கு மாறியதற்கு அட்ஜே ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன். பால் ஸ்ட்ராண்டின் தகடுகளை 1930இல் பார்த்தது தன்னை உலுக்கியதாக ஆடம்சே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றைப் பாருங்கள்: முட்செடி முளைத்த பழைய மரப்பலகைகள், வீட்டுத் தோட்டத்திலிருந்து அம்மா கொண்டுவந்து கொடுத்த ரோஜா. அந்த ரோஜாவை அவர் வைத்து எடுத்தது, வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் கிடைத்த, உப்புக் காற்றில் வரிவரியாகத் தேய்ந்த பலகையின் மேல். ஹாஃப் டோமை எடுத்தவருக்கு அதற்குள் அந்தப் பலகையின் வரிகளும் போதுமான அளவு பெரிதாகியிருந்தன.