வானத்தில் வழி கண்ட வரலாறு

கோவிந்தாபுரம் என்னும் சிற்றூரைப் பொள்ளாச்சிப் பக்கத்தார் நன்கு அறிவர். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டை நோக்கிச் செல்லும் சாலை தமிழ்நாட்டைக் கடந்து கேரளத்திற்குள் அடி வைக்கும் இடம் அது. தெற்கே ஆனைமலைத் தொடர் மதில்போல் எழுந்து நிற்கிறது. வடக்கே, தொலைவில், நீலகிரி. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் இயற்கையே திறந்து வைத்த வாயிலைப் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். பண்டை வணிகர் இவ்வழியே நடந்தனர். இருப்புப் பாதை இவ்வழியே அமைந்தது. பிழைப்பு நாடி அயல் மாநிலம் சென்ற நம்மவர் பலரும் இவ்வழியே சென்றனர்.

நிலத்தில் செல்வோனுக்கு வாயில் எது, மதில் எது என்பது கண்ணுக்குத் தெரியும். முகிலுக்குள் செல்லும் விமானிக்கு அது எவ்வாறு தெரியும்? ஒரு புறம் ஆனைமுடி 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மறுபுறம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ‘இப்போது நாம் எங்கே இருக்கிறோம்?’ என்ற வினாவிற்குத் தவறான விடை கிடைத்தால், அதன் விலை உயிராகும்.

இது வெறும் கற்பனை அன்று. 1950ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், பம்பாயிலிருந்து கோயம்புத்தூரை நோக்கி வந்த டக்ளஸ் டி.சி.3 விமானம் ஒன்று, கோத்தகிரிக்கு அருகே நீலகிரி மலையில் மோதி அழிந்தது. வழிகாணலில் நேர்ந்த பிழையே காரணம் எனக் கூறப்படுகிறது. அதில் இறந்தோருள் உலகப் புகழ் பெற்ற புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவருடைய மனைவியாரும் இருந்தனர். இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற வந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு பட்டுத் திரும்பிய விமானங்களைக் கொண்டு, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் எனக் கணித்துக் காட்டியவரும் அவரே. விமானங்களைக் காக்கக் கணக்கிட்ட அறிஞரை ஒரு வழிப்பிழை கொண்டு சென்றது.

அந்நாளில் வழிகாணல் எவ்வாறு நடந்தது? 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொணர்ந்தார். வழிகாட்டும் வானொலி எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆறு, கடற்கரை, இருப்புப் பாதை ஆகியவையே அடையாளங்கள். திசை, வேகம், கழிந்த நேரம் ஆகிய மூன்றையும் பெருக்கிக் கூட்டி இடத்தை உய்த்துணர்வது அடுத்த முறை. காற்று சற்றே பக்கவாட்டில் தள்ளினாலும் அக்கணக்கு பிசகிவிடும்.

பிறகு வானொலி துணைக்கு வந்தது. தரையில் நிறுவப்பட்ட வி.ஓ.ஆர். என்னும் நிலையம், தன்னிலிருந்து விமானம் எத்திசையில் உள்ளது என்பதை உணர்த்தும், டி.எம்.இ. என்னும் கருவி தொலைவைச் சொல்லும். இவை பெரும் பயன் தந்தன. ஆயினும் ஒரு குறை இருந்தது. முற்காலத்து வழிப்போக்கன் சத்திரத்திற்குச் சத்திரம் நடந்ததுபோல, விமானமும் நிலையத்திற்கு நிலையம் செல்ல வேண்டியிருந்தது. சத்திரம் இல்லாத திசையில் சாலையும் இல்லை. வளைந்து செல்வதால் எரிபொருளும் நேரமும் வீணாயின.

1966 ஜனவரி 24ஆம் நாள் ஆல்ப்சு மலையில் நேர்ந்த பேரிழப்பை நாடு மறக்கவில்லை. ஏர் இந்தியாவின் ‘காஞ்சன்ஜங்கா’ என்ற போயிங் 707 விமானம் மாண்ட் பிளாங்க் சிகரத்தருகே மோதி, அறிஞர் ஹோமி பாபா உள்ளிட்ட 117 பேர் மாண்டனர். விமானத்தின் வி.ஓ.ஆர். ஏற்பிகளில் ஒன்று பழுதாகியிருந்தது. தரையிலிருந்து ராடார் அலுவலர் இடத்தைத் திருத்திச் சொன்னார். விமானியோ சிகரத்தைக் கடந்துவிட்டதாகக் கருதி இறங்கலானார். நல்ல விமானமும் தேர்ந்த விமானியும் மட்டும் போதா. இருக்கும் இடம் ஐயமற விளங்க வேண்டும்.

இவ்வினாவிற்கு அறிவியல் கண்ட விடையே பரப்பு வழிகாணல். இதனை ஆர்நேவ் என்பர். பல நிலையங்களின் குறிகளையோ, விமானத்தினுள் உள்ள நிலைமக் கருவிகளையோ, செயற்கைக்கோள்களையோ கொண்டு, கணிப்பொறி விமானத்தின் இடத்தைத் தானே கணிக்கிறது. வரைபடத்தில் எந்த இரு புள்ளிகளையும் குறித்து, அவற்றிடையே நேராகப் பறக்கலாம். சத்திரத்தை நம்பி நடந்தவன் வயல் வெளியெங்கும் வழி கண்டவனானான்.

ஆனால் வயலில் நடப்பவன் எவ்வளவு நேராக நடப்பான் என்ற உறுதி வேண்டாமா? இங்கேதான் செயல்திறன் சார்ந்த வழிகாணல் என்ற கோட்பாடு எழுகிறது. ‘இன்ன கருவியை வைத்திரு’ என முன்னைய விதிகள் பணித்தன. புதிய விதியோ ‘இவ்வளவு துல்லியமாகப் பற’ என்கிறது. ஆர்நேவ் 5 என்றால், பறக்கும் நேரத்தில் குறைந்தது 95 விழுக்காடு, குறித்த பாதையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், விமானம் இருத்தல் வேண்டும். ஆர்நேவ் 1 என்றால் அந்த எல்லை 1 கடல் மைல். ஆர்.என்.பி. என்ற வகை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: தன் துல்லியம் குறைந்தால் அதனை விமானக் கருவியே கண்டறிந்து விமானியை எச்சரிக்க வேண்டும். தவறு செய்யாமை ஒரு திறம். தவறக்கூடும் என்பதைத் தானே அறிந்து சொல்வது அதனினும் பெரிய திறம். 2007ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவை, உறுப்பு நாடுகள் யாவும் இம்முறைக்கு மாறத் திட்டமிடுமாறு தீர்மானித்தது.

நம் நாட்டிற்கு இதில் தனி இடர்ப்பாடு ஒன்று உண்டு. புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் மேலே செல்கிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவு நிலையம் அமைந்ததும் இதனாலேயே. இப்பகுதியின் அயனி மண்டலம் மிகவும் கொந்தளிப்பானது. செயற்கைக்கோள் குறிகளை அது தாமதப்படுத்திப் பிழையாக்கும். இப்பிழையைத் திருத்தவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ‘ககன்’ என்ற அமைப்பை உருவாக்கின. திருவனந்தபுரம் உட்பட நாடெங்கும் உள்ள தரை நிலையங்கள் பிழையை அளக்கின்றன. திருத்தம் செயற்கைக்கோள் வழியே விமானத்தை அடைகிறது. 2013 டிசம்பரில் வழித்தடப் பயணத்திற்கும், 2015 ஏப்ரலில் உயர வழிகாட்டலுடன் தரையிறங்குவதற்கும் அதற்குச் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28ஆம் நாள், ராஜஸ்தானத்துக் கிஷன்கரில், இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ககனின் துணையால் தரையிறங்கிக் காட்டியது. விலை மிகுந்த தரைக் கருவிகளை நிறுவ இயலாத சிறு விமான நிலையங்களுக்கும், மலை சூழ்ந்த ஊர்களுக்கும் இது பெருந்துணையாகும்.

இதனால் பழையன யாவும் கழிந்தன என்று எண்ணுதல் கூடாது. செயற்கைக்கோளின் குறி மெலிந்தது. அதனை வேண்டுமென்றே மறைக்கவும், பொய்க் குறியால் மயக்கவும் முடியும். இத்தகைய இடையூறுகள் பெருகியதால், 2023 நவம்பரில் நம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விமான நிறுவனங்களுக்கு வழிமுறைகளை வகுத்து அறிவித்தது. தரை நிலையங்களை அடியோடு அகற்றாமல் துணைக்கு வைத்திருப்பதன் பொருள் இதுவே.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர், விடுமுறைக்குக் கோயம்புத்தூர் நோக்கி வருகையில், சாளரத்தின் வழியே வெண்முகிலன்றி வேறொன்றும் காணாதிருக்கலாம். அதனுள் மறைந்த மலைகள் அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. மலை மாறவில்லை, மனிதன் தன் இடத்தை அறியும் முறைதான் மாறியது. எனினும் ஒரு குறியை மட்டும் நம்பாது, இன்னொன்றால் அதனைச் சரிபார்க்கும் விழிப்பு எக்காலத்தும் வேண்டும். வான்வழி வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.