முதிய கண்ணும் பழைய துப்பாக்கியும்

துரோணர் தம் மாணாக்கரைச் சோதித்த கதையைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். மரமும் கிளையும் தெரிகின்றன என்றவர்கள் வில்லைத் தாழ்த்தினர். பறவையின் தலையன்றிப் பிறிதொன்றும் தெரியவில்லை என்ற அருச்சுனனே அம்பு விட்டான். இலக்கன்றி வேறெதனையும் காணாதவனே வில்லாளி என்பது அக்கதையின் முடிபு. துப்பாக்கியின் வரலாறோ இதற்கு நேர்மாறான பாடத்தைப் புகட்டுகிறது. இலக்குச் சற்று மங்கினும் கேடில்லை. குழலின் நுனியில் நிற்கும் சிறு முனை மட்டும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். வயது ஏற ஏற அம்முனையே கண்ணுக்கு மங்குகிறது. பழைய படைத் துப்பாக்கிக்கு எவ்வகைக் குறியைத் தேர்வது என்னும் வினா இங்குதான் பிறக்கிறது.

மூன்று பொருள், ஒரு கண்

பழைய துப்பாக்கிகளில் குறி இரண்டு. குழலின் நுனியில் நிற்பது முன்குறி. கண்ணுக்கு அருகே, நடுவில் பிளவுடைய தகடாக நிற்பது பின்குறி. சுடுவோன் பிளவின் நடுவே முன்குறியை நிறுத்தி, அதன் தலையை இலக்கோடு சேர்த்தல் வேண்டும். பின்குறி ஒரு முழத் தொலைவில் உள்ளது. முன்குறி ஒரு கெஜத் தொலைவில் உள்ளது. இலக்கோ நூற்றுக்கணக்கான கெஜத்திற்கு அப்பால் உள்ளது. மூன்றையும் ஒரே நொடியில் கூர்மையாகக் காண எந்தக் கண்ணாலும் இயலாது. இளங்கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து தாவி இக்குறையை மறைத்துவிடுகிறது.

இத்தாவலுக்குக் காரணம் விழியினுள் இருக்கும் வில்லையே என்பதை 1801-இல் தாமஸ் யங் விளக்கிக் காட்டினார். ஹாலந்து நாட்டு மருத்துவர் டோண்டர்ஸ், 1864-இல் வெளியிட்ட நூலில், வயதோடு அவ்வாற்றல் குன்றுவதை முறைப்படுத்தி எழுதினார். நாற்பதை ஒட்டி வரும் இக்குறையைத் தமிழர் வெள்ளெழுத்து என்பர். ஏட்டை எட்டப் பிடித்துப் படிக்கும் ஆசிரியருக்கும், பின்குறி பஞ்சுபோல் மங்குகிறது என்னும் பழைய படைவீரருக்கும் நோய் ஒன்றே.

இளங்கண்ணுக்கு அமைந்த கருவி

பிரிட்டிஷ் படை 1895-இல் லீ-என்பீல்டு துப்பாக்கியை ஏற்றது. 1899-இல் மூண்ட போயர் போரில், மவுசர் துப்பாக்கி ஏந்திய குடியானவர்கள் நெடுந்தொலைவிலிருந்து குறி தவறாது சுட்டனர். மகர்ஸ்பான்டீனிலும் கொலென்சோவிலும் பிரிட்டிஷ் படை பட்ட அடி, சுடும் பயிற்சியைப் பற்றிய சிந்தனையையே மாற்றிற்று. அதன்பின் 1903-இல் குட்டை லீ-என்பீல்டும், 1907-இல் அதன் திருந்திய வடிவமான மூன்றாம் மார்க்கும் தோன்றின. அதன் பின்குறி குழலின் மீதே பொருத்தப்பட்ட திறந்த பிளவாகும். இரு குறிகட்கும் இடையே சுமார் 19 அங்குலமே இருந்தது. கண்ணிலிருந்து எட்டி நின்ற அப்பிளவு, பதினெட்டு இருபது வயது இளைஞனுக்கு ஏற்றதாயிருந்தது.

எனினும் துளைக்குறி அந்நாளிலும் அறியப்படாததன்று. மூன்றாம் மார்க்கின் இடப்பக்கத்தில், 2,800 கெஜம் வரை கூட்டமாகச் சுடுவதற்கென ஒரு தனிக்குறி இருந்தது. அதன் பின்பகுதி சிறு துளையேயாகும். போர்க்காலத்தில் உற்பத்தியை எளிதாக்குவதற்காக 1916-இல் அது நீக்கப்பட்டது.

துளை செய்யும் உதவி

துளைக்குறியின் இயல்பு எளியது. கண்ணுக்கு மிக அருகே உள்ள துளையை எவரும் நோக்குவதில்லை, அதனூடே நோக்குகின்றனர். ஒளி மிகுந்த நடுவிடத்தைக் கண் தானே நாடுகிறது. ஆகவே தெளிவாகக் காண வேண்டிய பொருள் மூன்று என்பது இரண்டாகக் குறைகிறது. அன்றியும், சிறு துளை ஓரக் கதிர்களைத் தடுப்பதால், அருகும் தொலைவும் ஓரளவு ஒருங்கே தெளிகின்றன. கண்ணாடி இல்லாதவர் விரல்களைக் குவித்து இடுக்கின் வழியே எழுத்தைப் பார்ப்பதும் இம்முறையே. பின்குறி கண்ணருகே வருவதால் இரு குறிகட்கும் இடையிலுள்ள தொலைவும் நீள்கிறது; பிழை குறைகிறது.

இவ்வுண்மையைப் போட்டிச் சுடுநர் முன்னரே கைக்கொண்டனர். 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் முதற்குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்த போட்டிகள், 1890-இல் பிஸ்லிக்கு மாறின. அங்கே மூக்குக்கண்ணாடியில் துளைத்தகடு பொருத்திச் சுட்டவர் பலர். பர்மிங்காம் நகரத்துப் பார்க்கர்-ஹேல் நிறுவனம் லீ-என்பீல்டுக்கென்றே துளைக்குறிகள் செய்து விற்றது.

படைத்துறையும் மெல்ல இவ்வழி திரும்பிற்று. 1913-ஆம் ஆண்டின் சோதனைத் துப்பாக்கியில் துளைக்குறி இடம் பெற்றது. போர் மூண்டதும் அது 1914-ஆம் ஆண்டு மாதிரியாகி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவாயிற்று. அமெரிக்கா போரில் இறங்கியபின், அதுவே தோட்டா மாற்றத்தோடு 1917-ஆம் ஆண்டு மாதிரி என்னும் பெயரில் இருபது இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. பிரிட்டன் 1922 முதல் 1924 வரை, துளைக்குறி பொருத்திய ஐந்தாம் மார்க்கு லீ-என்பீல்டுகளைச் சுமார் 20,000 செய்து சோதித்தது. 1939-இல் ஏற்கப்பட்ட நான்காம் எண் துப்பாக்கியில் துளைக்குறி நிலைபெற்றது.

முதியோர் கையில்

1940 மே 14 அன்று அந்தோணி ஈடன் வானொலியில் தொண்டர்களை அழைத்தார். பதினேழு முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ளோர் திரண்டனர். பின்னர் ஊர்க்காவல் படை எனப் பெயர் பெற்ற அவ்வணியில் முதற்போரில் சுட்டுப் பழகிய நரைத்த தலையினர் பலர். டன்கர்க்கில் பெருந்தளவாடங்களை இழந்த பிரிட்டனிடம் அவர்கட்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை. அமெரிக்கக் கிடங்குகளில் உறங்கிய 1917-ஆம் ஆண்டு மாதிரிகள் கப்பலேறி வந்தன. தோட்டா வேறு என்பதை உணர்த்த அவற்றின்மேல் சிவப்புப் பட்டை தீட்டினர். முதியோரின் கண்ணை எண்ணி எவரும் அவற்றைத் தேர்ந்திலர், கிடைத்தது அதுவே. ஆயினும் பிளவுக்குறி மங்கிய வயதினர்க்குத் துளைக்குறி வந்து வாய்த்தது, வரலாறு தற்செயலாகச் செய்த ஓர் உதவியாகும்.

மலாயா மக்களும் துளைக்குறியை அறியாதவரல்லர். 1944-இல் உருவான ஐந்தாம் எண் குட்டைத் துப்பாக்கி, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் இந்நாட்டுக் காடுகளில் பயன்பட்டது. 800 கெஜம் வரை அளவிட்ட துளைக்குறி அதில் இருந்தது.

தேரும் முறை

பழந்துப்பாக்கிகளை உரிமத்தோடு வைத்துப் போட்டிகளில் சுடும் முதியோர்க்கு இவ்வரலாறு ஒரு வரிசையைக் காட்டுகிறது. முதலில் நாடவேண்டியவர் கண் மருத்துவர். கண்புரைக்குத் துளைக்குறி மருந்தன்று. அடுத்தது, முன்குறி தெளியுமாறு அமைந்த மெல்லிய கண்ணாடி. படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது, ஏனெனில் அது கைத்தொலைவிற்கே அமைந்தது. அதனாலும் தீராவிடில் துளைக்குறி. துளை மிகச் சிறிதாயின் ஒளி குன்றும். மாலை மங்கலில் ஒன்றும் தெரியாது. இறுதியாக உள்ளது தொலைநோக்கி. இலக்கையும் குறியையும் ஒரே தளத்தில் காட்டுவதால் கண்ணுக்கு அதுவே எளிது. ஆயினும் பழங்கருவியின் தோற்றத்தை அதுவே பெரிதும் மாற்றிவிடும். எதைத் தேர்ந்தாலும் இரும்பில் புதுத்துளை இடாமல் பொருத்துவதே முறை. கண்ணின் குறைக்காகக் கருவியின் வரலாற்றைச் சிதைத்தல் தகாது. இட்ட துளையை மீண்டும் மூட இயலாது.

அருச்சுனன் கண்ணுக்குப் பறவை மட்டும் தெரிந்தது. அவன் அப்போது மாணாக்கன், இளையோன். அறுபது வயதினனுக்கு எல்லாம் தெரிய வேண்டுவதில்லை. எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை அறிந்து, அதற்கேற்ற துணையைத் தேடிக்கொண்டால் போதும்.